வேகம், ஸ்கேல், உணர்வு: வைஸின் ‘தோம்போ’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்தப் படைப்பைப் பற்றியது?

ஜெர்மானிய லூட் (விரலால் மீட்டும் பழைய ஐரோப்பியத் தந்திக்கருவி) கலைஞர் சில்வியஸ் லியோபோல்ட் வைஸ், 1721-இல் பிராகாவில் மறைந்த லோசி பிரபுவின் நினைவாக எழுதிய ‘தோம்போ’ என்னும் தனி லூட் படைப்பைப் பற்றியது. அதன் ஸ்கேல் (சுர அமைப்பு) பி ஃப்ளாட் மைனர். பரோக் காலத்து (ஏறக்குறைய 1600–1750) லூட் இசையில் மிக அரிதாகவே காணப்படும் ஸ்கேல் இது. வைஸின் படைப்புகளைத் தாங்கிய பெரிய கைப்பிரதிகளுள் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. இந்தப் படைப்பு அதில் இடம்பெற்றிருக்கிறது.

இதை முதன்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள்: எவ்வளவு மெதுவாக வாசிக்க வேண்டும், ஏன் இந்த ஸ்கேல், இது சொல்லும் உணர்வு என்ன. லூட்டைப் பொறுத்தவரை இம்மூன்றும் ஒரே கேள்வி என்பதே என் எண்ணம். தந்தி எவ்வளவு நேரம் ஒலிக்கிறது, எந்தத் தந்தியை விரல் வைக்காமல் மீட்ட முடிகிறது என்ற இரண்டும் வேகத்தையும் உணர்வையும் சேர்த்தே தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பதில்கள் அந்த எண்ணத்தை ஒட்டியே செல்கின்றன.

வைஸ் யார்? லோசி யார்?

வைஸ் 1687-இல் சிலேசியாவில் பிறந்தவர். இளமையில் போலந்து இளவரசர் ஒருவரின் பணியில் ரோமில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1718 முதல் டிரெஸ்டன் அரசவையில் பணியாற்றினார். 1750-இல் அங்கேயே இறந்தார். இசையமைப்பாளர் பாக் மறைந்ததும் அதே ஆண்டுதான். 1739-இல் வைஸ் லைப்சிக் சென்று பாக்கைச் சந்தித்தார். இன்று அவர் பெயரில் கிடைக்கும் லூட் படைப்புகள் பல நூறு.

லோசி, பொஹீமியாவின் செல்வந்தப் பிரபு; தாமே சிறந்த லூட் கலைஞர். பிரெஞ்சு முறையில் அவர் பெயரை ‘லோஜி’ என்று எழுதியதால் இந்தப் படைப்பும் அப்படியே அழைக்கப்படுகிறது. இசையமைப்பாளர் ஷ்டோல்ட்சல் அவரைப் பற்றி விட்டுச்சென்ற நினைவுக்குறிப்பு ஒன்று, ஜெர்மானிய இசை எழுத்தாளர் மாத்தேசான் 1740-இல் வெளியிட்ட இசைக்கலைஞர் வாழ்க்கைத் தொகுப்பில் இருக்கிறது. மனத்தைத் தொடும் ஒரு முரண்சுரம் வாசிப்பில் வந்துவிட்டால் லோசி அதிலேயே நின்று, அதைப் ‘பொன்னான சுரம்’ என்று இத்தாலிய மொழியில் வியந்து சொல்வாராம். அத்தகைய ஒருவருக்காக எழுதப்பட்ட இரங்கல் இசை என்பதை மனத்தில் வைத்துக் கேட்டால், இதிலுள்ள முரண்சுரங்கள் வேறு விதமாக ஒலிக்கும்.

‘தோம்போ’ என்றால் என்ன?

பிரெஞ்சு மொழியில் கல்லறை என்று பொருள். இறந்த ஆசிரியருக்கோ, நண்பருக்கோ, புரவலருக்கோ இசையால் எழுப்பும் நினைவுச்சின்னம் என்று கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் லூட் கலைஞர்களிடையே இது தோன்றியது. 1638-இல் இறந்த மெசாஞ்சோ என்ற லூட் கலைஞருக்காக, ‘முதிய கோத்தியே’ என்று அழைக்கப்பட்ட லூட் கலைஞர் எழுதியது நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய லூட் தோம்போக்களுள் ஒன்று. பின்னர் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) கலைஞர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். 1652-இல் பாரிசில் படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்த பிளான்ரோஷே என்ற லூட் கலைஞருக்காக ஃப்ரோபெர்கர் எழுதிய தோம்போவின் முடிவில், சுரங்கள் வரிசையாகக் கீழே இறங்கி ஆழத்தில் சென்று நின்றுவிடுகின்றன.

பெரும்பாலான தோம்போக்கள் அல்மாண்ட் அல்லது பவான் என்னும் நிதானமான நடன வடிவங்களைத் தழுவியவை. ஆடுவதற்கான நடனமாக அவை அப்போதே இல்லை. அந்த நடையின் கம்பீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வைஸ் இதற்கு முன்பே 1719-இல் ஹார்டிக் பிரபுவின் மரணத்துக்காக ஒரு தோம்போ எழுதியிருக்கிறார். அதன் ஸ்கேல் இ ஃப்ளாட் மைனர், அதுவும் அரிதானதே. இரங்கல் என்றால் வழக்கமான பாதையை விட்டு விலகிச் செல்வது அவர் வேண்டுமென்றே எடுத்த முடிவு என்று இதிலிருந்து தெரிகிறது.

இதன் சரியான வேகம் என்ன? மெட்ரோனோமில் எந்த எண்ணில் வைக்கலாம்?

தாள வேகத்தை எண்ணிக் காட்டும் மெட்ரோனோம் கருவி பயன்பாட்டுக்கு வந்தது 1815-ஐ ஒட்டித்தான். ஆகவே வைஸ் எழுதி வைத்த எண் என்று ஒன்று இருக்க வழியில்லை. ஆனால் அக்காலத்தவர் ‘மெதுவாக’ என்று சொன்னபோது எந்த அளவை நினைத்தார்கள் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸ், 1752-இல் வெளியிட்ட தம் பாடநூலில், நிமிடத்துக்கு 80 முறை துடிக்கும் நாடியை அளவுகோலாக வைத்து வேகங்களை விளக்குகிறார். பாடலைப் போல் ஒழுகும் அடாஜியோவில் (மெதுவான நடையில்) அரை எண்ணிக்கைச் சுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துடிப்பு. அதாவது முழு எண்ணிக்கை நிமிடத்துக்கு 40. மிக மெதுவான அடாஜியோவில் அதே அரை எண்ணிக்கைக்கு இரண்டு துடிப்பு; அதாவது முழு எண்ணிக்கை நிமிடத்துக்கு 20. குவான்ட்ஸ் டிரெஸ்டனில் வைஸுடன் பணியாற்றியவர். 1723-இல் பிராகாவில் நடந்த மாபெரும் இசைநாடகத்தில் வாசிக்க இருவரும் ஒன்றாகவே சென்றார்கள். வைஸ் வாசித்ததைக் காதால் கேட்ட ஒருவரின் கணக்கு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

இருந்தாலும் அந்த எண்களை அப்படியே லூட்டுக்குப் பொருத்த முடியாது. புல்லாங்குழலின் சுரம் மூச்சு இருக்கும் வரை நிற்கும். வயலினில் வில் ஓடும் வரை நிற்கும். லூட்டின் சுரம் மீட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. மேல் தந்திகள் விரைவில் ஓய்ந்துவிடும். ஆழத்திலுள்ள தந்திகள் நெடுநேரம் நிற்கும். 20 என்ற வேகத்தில் வாசித்தால் ஒரு சுரம் முற்றிலும் அடங்கிய பின்னரே அடுத்த சுரம் வரும். வாக்கியம் உடைந்து தனித்தனிச் சொற்களாகிவிடும்.

என் அனுபவத்தில் வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி இதுதான். அறையை அமைதியாக்கிக்கொண்டு, ஆழத்திலுள்ள பி ஃப்ளாட் தந்தியைப் பெருவிரலால் ஒருமுறை மீட்டுங்கள். விரலைத் தந்தியின் மீது வீசாமல், அதன் எடையைத் தந்தியின் மேல் சாய்த்து, அது வழுக்கி அடுத்த தந்தியில் போய் அமரும்படி விடுங்கள். முதலில் தந்தியிலிருந்து ஒரு முனகல் வரும். பிறகு அது தெளிந்து உருண்டையாகும். அதன் பிறகுதான் மெல்லத் தேயும். அந்தத் தெளிந்த ஒலி தேயத் தொடங்கும் இடத்தில் அடுத்த எண்ணிக்கை விழ வேண்டும். நல்ல நரம்புத் தந்தி (விலங்குக் குடலில் முறுக்கியது) கட்டிய லூட்டில் எனக்கு அது குவான்ட்ஸின் 40-ஐ ஒட்டியே வருகிறது. உலோகம் சுற்றிய நவீனத் தந்திகள் நீண்டு ஒலிப்பதால் அவற்றில் இன்னும் மெதுவாகப் போகும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதிருப்பது நல்லது.

தாளத்தைக் கறாராகப் பிடிக்க வேண்டுமா?

பிளான்ரோஷே தோம்போவுக்கு, அதை மிக மெதுவாக, வாசிப்பவரின் விருப்பப்படி, தாளக்கட்டைப் பின்பற்றாமல் வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு உண்டு. அதை வைத்து எல்லாத் தோம்போக்களையும் தாளமின்றி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃப்ரோபெர்கருக்கும் வைஸுக்கும் நடுவே இரண்டு தலைமுறை இடைவெளி இருக்கிறது. வைஸ் இத்தாலியில் இருந்தவர், அங்கே பாஸ் (ஆழக் குரல்) சீராக நடக்கும் இசையைக் கேட்டுப் பழகியவர். பாஸ் சீராக நடக்க, மேல் குரல் சற்றே பின்தங்கியும் முந்தியும் பேசுவதுதான் இந்தப் படைப்புக்குப் பொருந்துகிறது. சவ ஊர்வலத்தில் நடை ஒழுங்காகத்தான் இருக்கும். அழுகைதான் ஒழுங்கில்லாமல் வரும்.

பி ஃப்ளாட் மைனர் ஏன்? டி மைனரில் எழுதியிருந்தால் எளிதாக இருந்திருக்காதா?

மிக எளிதாக இருந்திருக்கும். அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியமானது.

வைஸ் காலத்து லூட்டில் விரல் வைத்து வாசிக்கும் முதல் ஆறு வரிசைகள் (ஒரு வரிசை என்பது ஒற்றைத் தந்தி அல்லது சேர்த்து மீட்டும் இரட்டைத் தந்தி), மேலிருந்து கீழாக எஃப், டி, ஏ, எஃப், டி, ஏ என்று சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். விரலே வைக்காமல் ஆறையும் மீட்டினால் அதுவே டி மைனர் கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு). அவற்றுக்குக் கீழே விரல் படாமல் திறந்தே ஒலிக்கும் பாஸ் வரிசைகள் இறங்கிச் செல்லும். 1718-ஐ ஒட்டி மேலும் இரண்டு பாஸ் வரிசைகள் சேர்க்கப்பட்டு, மொத்தம் 13 வரிசைகளாயின. முதல் இரண்டும் ஒற்றைத் தந்தி, மற்றவை இரட்டை. ஆக 24 தந்திகள்.

டி மைனரில் வாசிக்கும்போது லூட்டின் உடல் முழுவதும் திறந்துகொண்டு ஒலிக்கும். மீட்டாத தந்திகள்கூட அதிர்ந்து துணை செய்யும். பி ஃப்ளாட் மைனருக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அதன் கார்ட் பி ஃப்ளாட், டி ஃப்ளாட், எஃப். ஆறு வரிசைகளில் இரண்டு எஃப் மட்டுமே திறந்த நிலையில் பயன்படுகின்றன. இரண்டு டி தந்திகளும் இந்த ஸ்கேலுக்கு அந்நியமானவை. தவறி விரல் பட்டால் மேஜர் ஒலித்துவிடும். இரண்டு ஏ தந்திகளோ வீடு திரும்புவதற்கு ஒரு படி முன்னே நிற்கும் சுரம். நிம்மதி தராத, ஏங்க வைக்கும் சுரம்.

இன்னும் அருகில் பார்ப்போம். நடுத்தர உயரத்தில் பி ஃப்ளாட் சுரம் மூன்றாம் வரிசையின் முதல் மெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கட்டில்) இருக்கிறது. அதற்கு மேலுள்ள டி ஃப்ளாட்டும் அதே மூன்றாம் வரிசையில், நான்காம் மெட்டில். ஒரே தந்தியில் இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்க முடியாது. ஆகவே இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் பி ஃப்ளாட்டை நான்காம் வரிசையின் ஐந்தாம் மெட்டுக்கு மாற்ற வேண்டும். இடது கை கழுத்தில் மேலே ஏறி, இரண்டு விரல்களை அழுத்தி வைத்து, அவற்றுக்கு அடுத்திருக்கும் டி தந்தியைத் தொடாமல் தாண்டி, எஃப் தந்தியைத் திறந்து விட வேண்டும். டி மைனரில் கையே வைக்காமல் கிடைக்கும் கார்டுக்கு இங்கே இவ்வளவு வேலை. விரல் அழுத்திய தந்தியின் ஒலி திறந்த தந்தியின் ஒலியைவிட மங்கலானது, குறுகியது. துணியால் மூடிய முரசைப் போல லூட் தன் குரலை அடக்கிக்கொள்கிறது. வைஸ் தேடியது இந்த அடக்கம் என்றே நான் நம்புகிறேன்.

ஒளி கிடைக்கும் இடமும் ஒன்று உண்டு. 13 வரிசை லூட்டில் 12-ஆம் வரிசையை அரைச் சுரம் இறக்கினால் ஆழமான பி ஃப்ளாட் கிடைக்கிறது. மேலே எல்லாம் அடங்கி ஒலிக்க, கீழே அந்த ஒரு தந்தி மட்டும் முழுமையாகத் திறந்து, மணியோசைபோல் நிற்கிறது.

ஸ்கேல் என்பது நம் ராகம் போன்றதா?

மைனர் என்ற அமைப்பை ராகத்துடன் ஒப்பிடலாம். இயல்பான மைனர் நடபைரவியின் சுரங்களையும், ஏழாம் சுரம் உயர்ந்த மைனர் கீரவாணியின் சுரங்களையும் கொண்டது. பி ஃப்ளாட், டி என்பதெல்லாம் ஆதார சட்ஜம் எங்கே என்பதைச் சொல்பவை. அந்தக் கணக்கில் டி மைனரும் பி ஃப்ளாட் மைனரும் ஒரே ராகம், வேறு சுருதி.

அப்படியானால் சுருதி மாறுவதால் உணர்வு ஏன் மாற வேண்டும் என்று கேட்பது நியாயமே. வீணையில் சட்ஜம் எங்கே போகிறதோ அங்கே சாரணியும் தாளத் தந்திகளும் உடன் போகும். லூட்டில் முதல் ஆறு வரிசைகளின் சுருதி மாறுவதே இல்லை. பாஸ் வரிசைகளை மட்டுமே ஸ்கேலுக்கு ஏற்ப மாற்றுவார்கள். ஆகவே ஸ்கேல் மாறும்போதெல்லாம் திறந்த தந்திகளோடு அதற்குள்ள உறவு மாறுகிறது, ஒலியின் நிறமும் மாறுகிறது.

அக்காலத்தவரே ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஓர் உணர்வு உண்டு என்று எழுதியிருக்கிறார்களே?

எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷார்பான்தியே, 1690-ஐ ஒட்டித் தயாரித்த பட்டியலில் பி ஃப்ளாட் மைனரை இருண்டது, அச்சம் தருவது என்று குறிக்கிறார். டி மைனர் அவருக்குக் கம்பீரமும் பக்தியும் கொண்டது. வைஸ் தம் முந்தைய தோம்போவுக்கு எடுத்த இ ஃப்ளாட் மைனரைக் கோரமானது என்கிறார். மாத்தேசானும் 1713-இல் இத்தகைய விளக்கங்களை எழுதினார். எஃப் மைனரில் ஆழ்ந்த, கனத்த மனத்துயர் இருப்பதாக அவர் சொன்னது புகழ்பெற்றது.

இவை வைஸின் தேர்வோடு பொருந்துவது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் வைஸ் பட்டியலைப் பார்த்து ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. சுரங்களுக்கு இடையிலான தூரம் ஸ்கேலுக்கு ஸ்கேல் வேறுபடும் வகையில் சுருதி சேர்த்த ஹார்ப்சிகார்டில், இருண்ட ஸ்கேல்கள் உண்மையிலேயே கரடுமுரடாக ஒலித்தன. லூட்டின் மெட்டுகள் கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்புகள். ஒரு மெட்டை நகர்த்தினால் எல்லா வரிசைகளிலும் சேர்ந்தே நகரும். அதனால் அந்த வகைக் கரடுமுரடு லூட்டில் குறைவு. இங்கே இருள் வருவது விரல் அழுத்திய தந்திகளிலிருந்துதான்.

லூட் எழுத்துமுறையில் ஸ்கேல் குறிப்பே கிடையாது என்கிறார்கள். பிறகு எப்படித் தெரியும்?

உண்மைதான். பிரெஞ்சு டாப்லேச்சரில் ஆறு கோடுகள் ஆறு வரிசைகளைக் குறிக்கின்றன. கோட்டில் எழுதிய எழுத்து எந்த மெட்டில் விரல் வைக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. பாஸ் வரிசைகள் கோடுகளுக்குக் கீழே குறிக்கப்படும். விரலின் இடத்தையும் சுருதி சேர்ப்பையும் சேர்த்துப் படித்தால் ஸ்கேல் தானே வெளிப்படும்.

வேகத்துக்கும் இதில் ஒரு விளைவு உண்டு. கோடுகளுக்கு மேலுள்ள தாளக் குறி அடுத்த மீட்டல் எப்போது என்பதை மட்டுமே சொல்கிறது. மீட்டிய சுரம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அதை முடிவு செய்வது வாசிப்பவரின் காது. எந்தக் குரலைப் பிடித்து வைப்பது, எதை விடுவிப்பது என்ற முடிவுகள் மாறினால், ஒரே வேகத்தில் வாசித்த இரண்டு கலைஞர்களுள் ஒருவர் அவசரப்படுவதாகவும் மற்றவர் நிதானமாக இருப்பதாகவும் தோன்றும்.

நான் கேட்ட ஒலிப்பதிவில் இது ஏ மைனராகவே ஒலிக்கிறது. தவறான பதிவா?

தவறில்லை. பரோக் இசைக் கலைஞர்கள் இன்று பெரும்பாலும் ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைக்கிறார்கள். இன்றைய பொது அளவான 440 ஹெர்ட்ஸைவிட அது ஏறக்குறைய அரைச் சுரம் தாழ்ந்தது. ஆகவே பி ஃப்ளாட் மைனரில் விரல் வைத்தாலும் பியானோவோடு ஒப்பிட்டால் ஏ மைனராகக் கேட்கும்.

கிடாரில் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், பலர் நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் கிடாருக்கு மாற்றி எழுதும்போது பெரும்பாலும் திறந்த தந்திகள் அதிகம் கிடைக்கும் வசதியான ஸ்கேலுக்கே கொண்டுவருகிறார்கள். சுரங்கள் அத்தனையும் சரியாக இருக்கும். மூடிய குரல் மட்டும் திறந்துகொள்ளும். கிடாரில் இதை எடுப்பவர்களுக்கு நான் சொல்வது, முடிந்த இடங்களில் திறந்த தந்தியைத் தவிர்த்து, அதே சுரத்தைக் கீழ்த் தந்தியில் மேல் மெட்டில் பிடியுங்கள் என்பதே. ஆழமான பாஸ் இல்லாத குறையை அதனால் ஈடுசெய்ய முடியாது என்றாலும், நிறம் ஓரளவு திரும்பி வரும்.

இதன் உணர்வைச் சோகம் என்று சொல்லிவிடலாமா?

அந்த ஒரு சொல் போதாது. இதில் கதறல் இல்லை. மரியாதை இருக்கிறது, கனம் இருக்கிறது, ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரின் கைத்திறனை நினைத்துப் பார்க்கும் நெருக்கம் இருக்கிறது. திறந்த ஏ தந்தியை மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை விரலை முதல் மெட்டில் தட்டி வைத்தால், மறுபடி மீட்டாமலே சுரம் பி ஃப்ளாட்டுக்கு வந்து அமரும். ஏக்கம் ஒரே மூச்சில் வீடு திரும்புவதை அந்தச் சிறு அசைவில் கேட்கலாம். அதே ஏ சுரத்தின் மேல் சி, இ ஃப்ளாட், ஜி ஃப்ளாட் சேர்ந்தால் இந்த ஸ்கேலின் மிகக் கசப்பான கார்ட் பிறக்கும். லோசி நின்று வியந்திருக்கக்கூடிய சுரங்கள் அத்தகையவை. அங்கே அவசரப்படாமல் நின்று கேட்க விடுவதுதான் வாசிப்பவர் அவருக்குச் செலுத்தும் அஞ்சலி.

கச்சேரிகளில் இதை ஏன் அதிகம் கேட்க முடிவதில்லை?

சுருதி சேர்க்கும் சிரமம் ஒரு பெரிய காரணம். சி மேஜரில் வாசித்துவிட்டு இதற்கு வர வேண்டுமானால் ஜி, இ, டி, பி ஆகிய நான்கு பாஸ் வரிசைகளையேனும் அரைச் சுரம் இறக்க வேண்டும். ஒவ்வொன்றும் இரட்டைத் தந்தி என்பதால் எட்டுப் பிருடைகளைத் திருப்ப வேண்டும். இறக்கிய நரம்புத் தந்தி உடனே நிலைகொள்ளாது. வாசிப்பின் நடுவே மெல்ல மேலே ஏறப் பார்க்கும். ஆகவே இதைத் தேர்ந்தெடுக்கும் கலைஞர்கள் பலர் நிகழ்ச்சியின் தொடக்கத்திலோ இடைவேளைக்குப் பிறகோ வைத்துக்கொள்கிறார்கள். நேரில் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் சற்று முன்பே சென்று, கலைஞர் குனிந்து அந்த எட்டுத் தந்திகளை ஒவ்வொன்றாக இறக்கி, காதை லூட்டின் விளிம்பருகே வைத்துச் சரிபார்ப்பதையும் கேளுங்கள். கடைசியாக அவர் தொடுவது பெரும்பாலும் 12-ஆம் வரிசையாக இருக்கும்.